மயிலுக்கு நியாயம் கேட்கப் போனது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பறவைகள் மேல் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் கோழிக்குழம்புதான். எனக்கு ஆகாதது வேறு ஒன்று. ஒரு குழந்தை ஏதாவது ஒரு பறவையைப் பிடித்து வதைத்துக்கொண்டிருக்கும். பெற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அதைக் கண்டால் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். கால் போய்ச் சேருவதற்குள் வாய் போய்ச் சேர்ந்திருக்கும்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை, ரோஸ் சாயம் போட்ட கோழிக்குஞ்சு ஒன்றை ஒரு பையன் டம்ளருக்குள் போட்டு, கையால் மூடுவதும் திறப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் போய், "ஏம்மா, அது மூச்சு வுட வேணாமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் மூச்சு வுடறானான்னு பாக்கறதுக்கே எனக்கு நேரம் இல்ல. குஞ்சு மூச்ச வேற நான் எண்ணிக்கினு இருக்கணுமா?" என்றாள். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் இப்படி ஆட்களின் வாயிலிருந்து படித்ததுதான். நான் எழுதுவதைப் பார்த்த அந்தப் பெண், என்னைப் பத்திரிகைக்காரி என்று நினைத்தாளோ என்னவோ, குஞ்சைப் பிடுங்கித் தன் கூடையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பூங்காவில் நடந்தது வேறு மாதிரி. மைனாக்கள் மேல் செருப்பை வீசிக்கொண்டிருந்த ஒரு பையனின் அப்பாவிடம் போனேன். "மைனா உங்க வூட்டு மைனாங்களா?" என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் சண்டை போடுவது சுலபமில்லை. எந்தச் சண்டையும் "நீங்க எந்த பிளாக்கு?" என்ற கேள்விக்கு வந்துவிடும். அடுத்தது, எந்த மைன்ஸு. அதற்கடுத்தது, எந்த ஷிஃப்ட்டு. மூன்றாவது கேள்விக்குள் யாராவது ஒரு பொது ஆள் அகப்பட்டுவிடுவார். இவருடைய ஃபோர்மேன், என் வீட்டுக்காரரிடம் வேலை பழகியவராம். அவ்வளவுதான், அவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டார். நாங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு அந்த ஃபோர்மேனின் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பையன் மற்ற செருப்பையும் வீசிக்கொண்டிருந்தான்.

"ஊருல இருக்கற குருவிங்களுக்கெல்லாம் நீ வக்கீலா? எந்தக் குருவி உனக்கு வக்காலத்து எழுதிக் குடுத்துச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பெருமையோடு இருந்தவளுக்குத்தான் போன கோடை விடுமுறையில் அந்த மயில் வந்து வாய்த்தது.

எங்கள் ஊரில் மயில் ஒன்றும் அதிசயமில்லை. மற்ற ஊர்களில் காக்கை உட்காருகிற இடத்திலெல்லாம் இங்கே மயில் உட்காரும். குவார்ட்டர்ஸ் மதில், மொட்டை மாடி, காயப்போட்ட போர்வை, எதையும் விடாது. காலை பத்து மணி இருக்கும். வேகவைக்கலாமென்று இரண்டு கிலோ பச்சை மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து வந்தேன். பக்கத்துத் தெருவில், புதிதாக யாரோ குடிவந்திருக்கிற ஒரு வீட்டின் எதிரே, நடுரோட்டில் ஒரு பெண் பிள்ளை நின்றிருந்தது. ஒன்பது வயது இருக்கலாம். காலில் செருப்பில்லை. ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, அது நிறையப் பலாக்கொட்டை. ஒவ்வொன்றாக எடுத்துக் குறிபார்த்து, மொட்டை மாடிச் சுவர்மேல் தோகையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த மயிலின் மேல் வீசிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மயிலின் முதுகில் பட்டது. மயில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, "மியாவ்" என்று தெருவே கிழிகிற மாதிரி கத்தியது.

"ஏ புள்ள, இன்னா பண்ற அங்க?" என்றேன்.

அது திரும்பிப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தது.

"என்ன வாய மூடச் சொல்றியா நீ?"

மறுபடியும் விரல். இந்த முறை கண்களையும் உருட்டியது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் குரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குள்ளஞ்சாவடிப் பக்கம் நாற்று நட்ட குடும்பம் நாங்கள். இந்த வரப்பிலிருந்து நான்கு கழனி தள்ளி இருக்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அதை வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் ரகசியம் பேச முடியாது. கோபத்தில் பேசினால் அடுத்த பிளாக்கில் சன்னலை மூடுவார்கள்.

"அது தேசியப் பறவை, தெரியுமா? அத அடிச்சா போலீசு வந்து உங்க வூட்டுல இருக்கறவங்களப் புடிச்சிக்கினு பூடும்."

அந்தப் பிள்ளை என் பக்கத்தில் ஓடி வந்து, பல்லுக்குள்ளேயே காற்றாகப் பேசியது. "தேசியப் பறவைன்னா மொதல்ல அத வாய மூடிக்கினு இருக்கச் சொல்லுங்க ஆண்ட்டி."

"எதுத்து வேற பேசறியா? உங்க அம்மா எங்க?"

"மேல்பட்டாம்பாக்கம். சித்திக்குக் கொழந்த பொறக்கப் போவுது."

"அப்பா?"

"உள்ள."

"கூப்புடு."

"மாட்டன்."

"நீ கூப்புடலன்னா நானே கூப்புடறேன்."

"வேணாம் ஆண்ட்டி, வேணாம்." தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கேட்டின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றது. குற்றம் செய்த பிள்ளை அப்பாவுக்குப் பயப்படுகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய், கதவின் நாதாங்கியைப் பிடித்து டங்கு டங்கென்று நாலு தட்டுத் தட்டி, "யாருங்க உள்ள? கொஞ்சம் வெளிய வாங்க" என்று என் கழனிக் குரலில் கூப்பிட்டேன்.

கூப்பிட்ட பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த நோட்டுத்தாள் கண்ணில் பட்டது. குழந்தைக் கையெழுத்து. "அப்பா நைட் ஷிஃப்ட். பெல் அடிக்காதீங்க. கதவு தட்டாதீங்க. கூப்பிடாதீங்க." அதற்குக் கீழே, பிறகு யோசித்துச் சேர்த்த மாதிரி, "மயிலும்தான்."

நாதாங்கியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன். 

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். சுரங்க ஊரில் எது வேண்டுமானாலும் செய்யலாம், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதனை மட்டும் எழுப்பக் கூடாது. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் காலையில் குக்கர் விசில் அடித்தது கிடையாது. மிக்ஸி மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். பால்காரர் சைக்கிள் பெல்லைக் கையால் பொத்திக்கொண்டு வருவார். சாவு வீட்டுச் செய்தி சொல்ல வந்தவர்கூட, "நைட்டா? சரி, எழுந்ததும் சொல்லுங்க" என்று காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படி வாழ்ந்தவள் கையாலேயே இந்தக் காரியம்.

கதவு திறந்தது. லுங்கி, பனியன், பாதி மூடிய கண்கள். முப்பது முப்பத்திரண்டு வயது ஆள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பெல்ட்டு அறுந்துடுச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி."

"சைரன் அடிச்சாங்களா?"

"இல்ல. நான்தான்."

அந்தப் பிள்ளை இப்போது ரகசியம் பேசவில்லை. இனி பேசி என்ன என்கிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னது. "காலைலேர்ந்து மயிலு கத்திக்கினே இருக்குது. நானும் அடிச்சிக்கினே இருக்கேன். எங்கப்பா பொரண்டுகூடப் படுக்கல. நீங்க வந்து ஒரே நிமிசத்துல எழுப்பிட்டீங்க."

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பரவால்லைங்கக்கா" என்றார். அந்த 'ங்க'தான் என்னைக் கொன்றது.

எழுந்தால் பகல் வெளிச்சத்தில் மறுபடி தூக்கம் பிடிக்காத ஜாதியாம் அவர். வேலை நிரந்தரமாகி எட்டு மாதம்தான் ஆகிறதாம். இது தொடர்ந்து நான்காவது நைட். "போன வாரம் பெல்ட்டாண்ட ஒக்காந்துகினே கண்ணு சொருகிடுச்சுங்க. எஞ்சினியரு பாத்துட்டாரு. மெமோ குடுத்துட்டாரு. இன்னொரு தபா கண்ண மூடுனன்னா பெல்ட்டு பக்கமே வரவேணான்னு சொல்லிட்டாருங்க. இன்னிக்கி ஒரு ஆறு மணி நேரம் தூங்கிட்டா போதும்னு நெனச்சேன்."

அவர் தூங்கியது இரண்டு மணி நேரம். பாக்கி நான்கை நான் பறித்துவிட்டேன். மெமோவைக் கேட்டு எனக்குக் கவலை. பெல்ட்டைக் கேட்டுப் பயம். பழுப்பு நிலக்கரியை அள்ளிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பட்டை அது. அதன் பக்கத்தில் கண்ணயர்வது என்றால் என்னவென்று என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டு, நான் எத்தனையோ ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன்.

"தம்பி, போய்ப் படுங்க. மயில நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மயிலைக் கெஞ்சினேன், போகவில்லை. புடவைத் தலைப்பை வீசினேன், அது ஏதோ வேடிக்கை என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. சரி, தீனி காட்டி இறக்கலாமென்று பையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்துத் தெருவில் போட்டேன். மயில் இறங்கியது. இறங்கியதோடு நிற்காமல், தின்பதற்கு முன்னால் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டது. எதிர்வீட்டு முருங்கை மரத்திலிருந்து இரண்டு பெட்டைகள் வந்தன. அவற்றைப் பார்த்துக் காக்கைகள் வந்தன. காக்கைகளைப் பார்த்து ஒரு நாய் வந்தது. நான் நாயை அதட்ட, நாய் என்னைப் பார்த்துக் குரைக்க, அந்தப் பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது.

கதவு மறுபடி திறந்தது.

"அக்கா" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "ஒரு ஒதவி செய்வீங்களா?"

"சொல்லுங்க தம்பி, இன்னா வேணும்?"

"ஒதவி செய்யாம இருப்பீங்களா?"

இதை எழுதிக்கொள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு அறை நினைவுக்கு வந்தது. ஷிஃப்ட் காலத்தில் என் வீட்டுக்காரர் தூங்குவதற்கென்றே ஆக்கிய அறை. சன்னலுக்குக் காக்கிப் பேப்பர் ஒட்டி, கதவு இடுக்கில் பழைய கோணிப்பை அடைத்து, பகலிலும் இருட்டாக வைத்திருப்போம். அவர் இப்போது ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போவார். அறை சும்மாதான் கிடக்கிறது.

"தம்பி, தலகாணிய எடுத்துக்கினு எங்கூட வாங்க" என்றேன்.

அவர் கேள்வி கேட்கிற நிலையில் இல்லை. தூக்கம் கெட்ட மனிதனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். நான் மல்லாட்டைப் பையோடு முன்னால், பனியன் லுங்கியில் தலையணையைக் கட்டிக்கொண்டு அவர் நடுவில், வீட்டைப் பூட்டிவிட்டுத் தூக்கோடு அந்தப் பிள்ளை பின்னால். பட்டப்பகலில் இரண்டு தெரு நடந்தோம். எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்கா? சொந்தக்காரங்களா?"

"இல்ல, இப்பத்தான் பழக்கம்."

"தலகாணி வச்சிருக்காரு?"

"தூங்க வந்திருக்காரு."

அவள் சல்லடையை வைத்துவிட்டு உள்ளே போய், என் வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டாள். அது எனக்குத் தெரியாது. அந்தத் தம்பியைக் கட்டிலில் படுக்கவைத்து, ஃபேனைச் சுழலவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது உள்ளே குறட்டை தொடங்கிவிட்டது. எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

சமையலறைத் தரையில் நானும் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்து, சத்தம் வராமல் மல்லாட்டையைக் கையால் நசுக்கி உடைத்துத் தின்றோம். ரகசியக் குரலில்தான் பேச்சு.

"மயிலு மேல எத்தினி பட்டுது?" என்று கேட்டேன்.

"மூணுதான் பட்டுது. பாக்கியெல்லாம் எதுத்த வூட்டுக்குப் போயிடுச்சு."

"வலிக்கும்ல அதுக்கு."

"எங்கப்பா தூங்கிட்டா பெல்ட்டு இழுத்துக்கினு பூடும்னு அம்மா சொல்லிச்சு." தோலை உரித்துக்கொண்டே, "மயிலுக்கு வலிக்கட்டும்னு அடிக்கல. வேற வூட்டுக்குப் போவட்டும்னு அடிச்சேன்" என்றது. வேறு வீட்டில் யார் தூங்குகிறார்களோ என்று அதற்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஸ்கூட்டரைத் தெருவிலேயே போட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நேராக அறைக் கதவைத் திறந்தார். தன் கட்டிலில், தன் ஃபேனுக்கு அடியில், ஊர் பேர் தெரியாத ஒருத்தர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். கத்தப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது என் காதருகே குனிந்திருந்தார்.

"எந்த ஷிஃப்ட்டு?"

"நைட்டு."

"எங்க?"

"பெல்ட்டு."

"எத்தினாவது நாளு?"

"நாலாவது."

இழுத்த மூச்சை மெதுவாக விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைக்காமல், சத்தம் வருமென்று என் மடியில் வைத்தார். பூனை மாதிரி அறைக்குள் போனார். காக்கிப் பேப்பர் ஒரு மூலையில் கிழிந்து, அந்த வழியாகக் கோடு போல் வெயில் அந்தத் தம்பியின் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. இவர் தன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி அந்த ஓட்டையின் மேல் மாட்டிவிட்டு, பனியனோடு வெளியே வந்தார்.

மாற்றுச் சட்டையெல்லாம் அந்த அறை பீரோவில். அந்த பீரோ திறந்தால் யானை பிளிறுகிற மாதிரி சத்தம் போடும். ஆகவே கொடியில் கிடந்த ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தார். அந்த மனிதர் யார், அந்தப் பிள்ளை யார், ஏன் எங்கள் வீட்டில் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மணி வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு வாசல் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மயில். அதே மயில். கூடவே இரண்டு பெட்டைகளும். என் பையின் அடியில் ஓட்டை இருந்திருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து என் வீட்டு வாசல் வரை மல்லாட்டையைச் சிந்திக்கொண்டே வந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டு, சாவகாசமாக முகவரி விசாரித்து வந்து சேர்ந்துவிட்டன. மயில் மதிலின் மேல் ஏறி நின்று, அறைச் சன்னலுக்கு நேராக, கழுத்தை நீட்டி வாயைத் திறக்கப் போனது.

என் கைக்கு எது கிடைத்தது என்று நான் பார்க்கவில்லை. ஓங்கிய பிறகு பார்த்தால், பலாக்கொட்டை.

"ஏம்மா, மயிலப் போயி அடிக்கறியே. வயசானவ நீ, உனக்கே இது நல்லாருக்கா?"

ரோட்டில் ஒரு அம்மாள். பட்டுப் புடவை, கையில் பழத்தட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேரக்குழந்தைகள். யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர். நான் சட்டென்று உதட்டின் மேல் விரலை வைத்தேன்.

"என்னாது, என்ன வாய மூடச் சொல்றியா?"

மறுபடியும் விரல் வைத்தேன்.

"அது தேசியப் பறவைம்மா. புள்ளைங்க பாக்குதுங்க. பெரியவங்களே இப்படிப் பண்ணா புள்ளைங்க எத்தக் கத்துக்கும்?" அவர் குரலும் எங்கேயோ கழனியில் பழகிய குரல்தான். அறைக்குள் குறட்டை ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. என் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை ஓடிவந்து, அந்த அம்மாளின் புடவையைப் பிடித்து, "நைட் ஷிஃப்ட்டு பாட்டி, நைட் ஷிஃப்ட்டு" என்று காற்றாகச் சொன்னது.

எங்கள் ஊர்க்காரராக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். அவர் வெளியூர். "நைட்டு ஷிஃப்ட்டுன்னா நைட்டுல இருக்கட்டும். இது பகலு தானே?" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இவர் வாயையும் மூட முடியாது, மயில் வாயையும் மூட முடியாது. இரண்டையும் இடம் மாற்றத்தான் முடியும். பையில் மிச்சமிருந்த மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு, மயிலின் முன்னால் இரண்டைப் போட்டேன். குதித்து இறங்கியது. இன்னும் இரண்டு, நாலடி தள்ளி. வந்தது. அப்படியே பின்பக்கமாக நடந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே தெருவில் போனேன். எனக்கு முன்னால் மயில், அதன் இரண்டு பக்கமும் பெட்டைகள். என் கணக்குத் தவறவில்லை. அந்த அம்மாளும் விடாமல் தொடர்ந்தார்.

"பதில் சொல்லும்மா, பின்னாலயே போனா ஆச்சா?"

"சொல்றேங்க, வாங்க" என்று நான் மெல்லிய குரலில் சொல்ல, "எங்க வரணும்? ஏன் வரணும்?" என்று அவர் வந்துகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் பேரக்குழந்தைகள், கடைசியில் தூக்கோடு அந்தப் பிள்ளை. எதிர்வீட்டுப் பெண் சன்னலில் நின்று, காலையில் தலையணையோடு ஓர் ஊர்வலம், மத்தியானம் மயிலோடு ஓர் ஊர்வலம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குப் போன் செய்வது என்று இந்த முறை அவளுக்கே தெரியவில்லை.

பூங்கா வரை போய்ச் சேர்ந்தோம். மடியைக் காலி செய்துவிட்டு, தூங்குகிற ஆளும் இல்லாத வீடும் இல்லாத அந்த வெட்டவெளியில்தான் நான் என் சொந்தக் குரலில் பேசினேன். பெல்ட், மெமோ, நான்காவது நைட், நான் கதவைத் தட்டியது, எல்லாம். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டார். பழத்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள கொட்டையத்தான் போட்டுது. நீ வாயப் போட்டுட்டியே" என்றார். மறக்காமல் இருக்க, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

தம்பி ஐந்தரை மணிக்குத்தான் எழுந்தார். நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஏழு மணி நேரம். முகம் கழுவி, காப்பி குடித்து, முதல் தடவையாகச் சுற்றிலும் பார்த்து, "இது யாரு வூடுங்க?" என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போய் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். நான் போட்ட பாயில் அது அசையாமல் தூங்கியது. நான்தான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் பட்டை ஓடுவது தெரிந்தது, அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் வீட்டுக்காரர் புரண்டு படுத்து, "அவன் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கான். நீ படு" என்றார்.

காலை ஆறரைக்குத் தம்பி வந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "கண்ணே அசரலீங்கக்கா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். அறையைப் பெருக்கி, சன்னல் ஓட்டைக்குப் புதுப் பேப்பர் ஒட்டி, போர்வையை உதறிப் போட்டேன். எட்டு மணிக்குள் தம்பி தூங்க வந்துவிடுவார் என்று இட்லிகூட நான்கு சேர்த்தே ஊற்றியிருந்தேன்.

எட்டு மணிக்குப் பிள்ளை மட்டும் வந்தது. கையில் தூக்கு இல்லை.

"அப்பா எங்க கண்ணு?"

"வூட்டுல படுத்துக்கிச்சு."

"மயிலு?"

"அதுவும் எங்க வூட்டு மேலதான் இருக்கு. கத்திக்கினுதான் இருக்கு. மயிலு கத்துனா அப்பாவுக்கு ஒண்ணும் ஆவறதில்லயாம், அது பழகிப்போச்சாம். அடிக்க வேணான்னு சொல்லிடுச்சு." நின்று, காலை மாற்றி வைத்து, மனப்பாடம் செய்து வந்ததைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டுமே என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தது. "இன்னும் ரெண்டு நைட்டு இருக்குதாம். அதுவரைக்கும் பகல்ல நீங்க எங்க தெரு பக்கம் வர வேணாம்னு அப்பா சொல்லச் சொல்லுச்சு. கோச்சிக்க வேணாம்னும் சொல்லுச்சு."

"நான் இன்னாத்துக்குக் கோச்சிக்கப் போறேன்?" என்றேன். அதைச் சொன்னதே கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலும். பிள்ளை பதறிப் போய்த் தன் வீடு இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தது. நான்கு இட்லியையும் அதனிடமே கட்டிக் கொடுத்தேன்.

அந்த இரண்டு நாளும் கடைத்தெருவுக்கு நான் தண்ணீர்த் தொட்டி ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தேன்.